பி.காமா, நாடகமா? கோபி அண்ணனுக்கு

அண்ணா, நீங்க பி.காம்ங்கிறீங்க, பொண்ணு நாடகப் படிப்புங்கிறா. நானும் மேடை ஏறுனவன்தானுங்க. என் ஓட்டு பி.காமுக்கு, ஆனா ஒரு நிபந்தனை.

டெல்லி தேசிய நாடகப் பள்ளியில மூணு வருசப் படிப்புக்குச் சேரவே ஏதாவது ஒரு டிகிரி வேணும். அது பி.காமா இருந்தாலும் சரி. ஆனா குறைஞ்சது ஆறு நாடகத்துலயாவது பங்கெடுத்திருக்கணுமுங்க. காலேஜ் விட்டா வீடுன்னு கெடந்தா அந்த ஆறு எங்கிருந்து வரும்? அதனால கோயமுத்தூர்ல நாடகக் குழு இருக்கிற காலேஜாப் பார்த்துச் சேருங்க. ஒவ்வொரு நாடகத்துக்கும் நோட்டீசு, போட்டோ எல்லாம் தேதியோட பத்திரமா வைக்கச் சொல்லுங்க. தறிக் குடோன்ல நான் போட்ட முதல் நாடகத்துக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட மிஞ்சலை.

பாட்டு, வீணைன்னா கதை வேறைங்க. அதுக்குக் கோயமுத்தூர் பக்கத்துல மலுமிச்சம்பட்டி அரசு இசைக் கல்லூரியே இருக்குது.