ஸ்மார்ட் டெலஸ்கோப்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: புதிதாக சீஸ்டார் எஸ்50 வாங்கியிருக்கிறேன். ஒரு மணி நேரம் ஓடவிட்டாலும் பாதி ஃபிரேம்களை (கருவி அடுத்தடுத்து எடுக்கும் சிறு படங்களை) ஒன்றாக அடுக்காமல் ஆப் தள்ளிவிடுகிறது. கருவியில் கோளாறா?

பதில்: கருவியைச் சந்தேகிக்கும் முன் அது நிற்கும் விதத்தைப் பாருங்கள். ட்ரைபாட் கால்களை முழுதாக நீட்டினால் லேசான காற்றுக்கே ஆடும், குட்டையாகவே வையுங்கள். சாய்வு எவ்வளவு என்பதை ஆப் காட்டும். அதைச் சரிசெய்துவிட்டு கருவிக்குள் இருக்கும் திசைகாட்டியை அளவீடு செய்யுங்கள், இரும்புக் கம்பி, கார் பக்கத்தில் வேண்டாம். எக்ஸ்போஷரை 10 விநாடியிலேயே வையுங்கள். 20, 30 என்று ஏற்றினால் நட்சத்திரங்கள் கோடாக இழுபட்டு, தள்ளப்படும் ஃபிரேம்கள் கூடும்.

உச்சிவானத்தில் இருப்பதைப் படமெடுக்கப் போனாலும் இதே கதைதான். கருவி மேல்-கீழ், இட-வலமாகத் திரும்பி வானத்தைத் தொடர்கிறது. தலைக்கு நேர்மேலே வரும்போது மிக வேகமாகச் சுழல வேண்டியிருக்கும், காட்சியும் சுழன்றுபோகும். கிழக்கிலோ மேற்கிலோ, 30 முதல் 70 டிகிரி உயரத்தில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: ஓரியன் நெபுலா (ஒளிரும் வாயு மேகம்) ஐந்தே நிமிடத்தில் அழகாக வந்தது. கேலக்ஸி எல்லாம் மணல் தூவியதுபோல் இருக்கிறதே?

பதில்: ஓரியன் நெபுலா பிரகாசமானது, அதை வைத்து மற்றவற்றை எடைபோடாதீர்கள். இரைச்சலை, அதாவது அந்த மணல் போன்ற புள்ளிகளை, பாதியாக்க நேரத்தை நான்கு மடங்காக்க வேண்டும். 10 நிமிடப் படத்தை விட 40 நிமிடப் படம் இரண்டு மடங்கு தெளிவு; இரைச்சலை மேலும் பாதியாக்க 160 நிமிடம். மங்கலான கேலக்ஸிக்கு இரண்டு மணி நேரமாவது கொடுங்கள்.

தொடங்குமுன் ஒவ்வொரு ஃபிரேமையும் தனியே சேமிக்கும் அமைப்பை இயக்குங்கள். இல்லாவிட்டால் ஆப் அடுக்கிக் கொடுத்த ஒற்றைப் படம்தான் மிஞ்சும். அப்படிச் சேமித்த ஃபிட்ஸ் (FITS) வகைப் படக் கோப்புகளைக் கணினியில் போட்டு, சிரில் (Siril) மென்பொருளில் மீண்டும் அடுக்கி, கிராக்ஸ்பெர்ட் (GraXpert) மென்பொருளில் பின்னணி வெளிச்சத்தை நீக்குங்கள், இரண்டும் இலவசம். காட்சி சுழல்வதால் மூலைகளில் குறைவான ஃபிரேம்களே சேரும், அங்கே இரைச்சல் நிற்கும். தயங்காமல் வெட்டிவிடுங்கள்.

ஆண்ட்ரோமீடா மட்டும் வேறு சிக்கல். அதன் நீளம் சுமார் 3 டிகிரி, இந்தக் கருவியின் ஒரு படத்தில் அடங்கும் வானமோ ஏறத்தாழ 1.3க்கு 0.7 டிகிரி. பகுதி பகுதியாக எடுத்து ஒட்டும் மொசைக் முறையில்தான் பெரும்பகுதியைப் பிடிக்க முடியும், நேரமும் அதற்கேற்பப் பெருகும்.

கேள்வி: நள்ளிரவுக்குப் பின் நட்சத்திரங்கள் பஞ்சுபோல் ஆகிவிடுகின்றன. ஏன்?

பதில்: பிரகாசமான நட்சத்திரத்தைச் சுற்றி அகன்ற ஒளிவட்டம் தெரிந்தால் லென்ஸில் பனி படிந்திருக்கிறது. வட்டம் இல்லாமல் நட்சத்திரங்கள் எல்லாம் ஒரே சீராகப் பருத்திருந்தால் ஃபோகஸ் நகர்ந்திருக்கிறது. வெப்பநிலை இறங்கினால் இது சகஜம், ஆட்டோஃபோகஸை மறுபடி ஓட்டுங்கள். பனியைத் துணியால் துடைக்கக் கூடாது, பூச்சில் கீறல் விழும். பனி படியாமல் தடுக்கும் கருவியின் ஹீட்டரைத் தொடக்கத்திலேயே போடுங்கள். பேட்டரி சீக்கிரம் தீரும், பவர்பேங்க் கைவசம் இருக்கட்டும்.

கேள்வி: ஒளிமாசு ஃபில்டரை எப்போதும் போட்டே வைக்கலாமா?

பதில்: கூடாது. அது ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் வாயுக்கள் உமிழும் நிறங்களை மட்டும் விடும். ரோசெட் (Rosette), வெய்ல் (Veil) போன்ற நெபுலாக்களுக்குப் பிரமாதம். கேலக்ஸி, நட்சத்திரக் கொத்து, கார்த்திகைக் கூட்டம் ஆகியவற்றுக்கு ஆப்பில் அணைத்துவிடுங்கள். அவற்றின் வெளிச்சத்தில் பெரும்பங்கை அது விழுங்கிவிடும்.

கேள்வி: வியாழனின் பட்டைகள் தெரியுமா?

பதில்: எதிர்பார்க்காதீர்கள். குவியத் தொலைவு 250 மி.மீ.தான், வியாழன் மொத்தமே சுமார் 20 பிக்சல் அகலம்தான் இருக்கும். நிலா நன்றாக வரும். சூரியனைப் படமெடுப்பதானால், கருவியின் முன்பக்கத்தில் சூரிய ஃபில்டரை இறுக்கமாக மாட்டிய பிறகே அதன் பக்கம் கருவியைத் திருப்புங்கள்.