ஐந்து நட்சத்திர மருத்துவர், ஐந்து நட்சத்திர வழக்கறிஞர்: நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: இணையத்தில் 4.9 மதிப்பீடு இருந்ததை நம்பி ஒரு பல் மருத்துவமனையில் வேர் சிகிச்சை செய்து கேப் போட்டுக்கொண்டேன். துண்டறிக்கையில் 'வாழ்நாள் உத்தரவாதம்' என்றிருந்தது. எட்டாவது மாதமே கேப் உடைந்துவிட்டது. மாற்றித் தரப் பணம் கேட்கிறார்கள், 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்ற சிறிய எழுத்தைக் காட்டுகிறார்கள். ஐந்து நட்சத்திரம் போட்டால் 500 ரூபாய் தள்ளுபடி என்றதால் அன்று நானும் போட்டிருந்தேன். இனிப் புகார் செய்ய முடியுமா?
– சத்துவாச்சாரி வாசகி

பதில்: முடியும். கட்டணம் பெற்றுச் செய்யப்படும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்ட சேவை என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே தீர்ப்பளித்துவிட்டது. சிறிய எழுத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம்: பெரிய எழுத்தில் கொடுத்த வாக்குறுதியைச் சிறிய எழுத்தில் மறுக்கக் கூடாது என்று, தவறான விளம்பரங்களைத் தடுப்பதற்காக 2022 ஜூனில் வந்த வழிகாட்டு நெறிமுறைகள் சொல்கின்றன. துண்டறிக்கையையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். மருத்துவமனைக்கு எழுத்து மூலம் கேளுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் வேலூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

அந்த 500 ரூபாய் நட்சத்திரத்தைப் பற்றி நான் நெடுநாளாகவே பொருமிக்கொண்டிருக்கிறேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஒளி, ஒலி, புகை, வாயு, அச்சு, இணையம் என்று எந்த வழியில் பரப்பினாலும் அது விளம்பரம்தான் என்கிறது. புகையைக்கூட விடாத சட்டம் கூலி கொடுத்து வாங்கிய புகழ்ச்சியை விட்டுவிடும் என்று இவர்கள் எப்படி நினைக்கிறார்கள்? பரிந்துரைப்பவருக்கும் விற்பவருக்கும் இடையே பணமோ சலுகையோ கைமாறியிருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது அதே 2022 நெறிமுறைகளின் விதி. தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். ஆனால் இணைய மதிப்புரைகளைத் திரட்டி வெளியிடுவதற்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் கொண்டுவந்த ஐஎஸ் 19000 தரநிலை, விரும்பினால் பின்பற்றலாம் என்ற அளவிலேயே வந்தது. விரும்பினால் நேர்மையாக இருங்கள் என்று எந்த வியாபாரியிடம் சொல்வது? வெயிலுக்குப் பெயர்போன இந்த வேலூரில் வெந்நீர் தராத ஒரு சூரிய ஹீட்டர் என் மொட்டை மாடியில் நிற்கிறது. அதை வாங்க வைத்தவையும் இத்தகைய நட்சத்திரங்களே.

இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மதிப்புரை எழுதியவர் வங்காளத்துக்காரர் என்பதற்காக அதைப் போலி என்று ஒதுக்காதீர்கள். சிகிச்சைக்காக நோயாளிகள் அங்கிருந்து ரயிலேறி வரும் ஊர் இது. ஒரே வாரத்தில் குவிந்தவை, ஒரே வாக்கியத்தைத் திருப்பிச் சொல்பவை, வேறெதையும் பற்றி எழுதியே இராதவர்கள் எழுதியவை ஆகியவற்றையே சந்தேகிக்க வேண்டும். சத்துவாச்சாரி வாசகியே, உங்கள் மதிப்புரையைத் திருத்தி, தள்ளுபடி பெற்றதையும் சேர்த்து, நடந்ததை எழுதுங்கள்.

கேள்வி: ஐந்து நட்சத்திர ஆடிட்டரை நம்பலாமா?
– காட்பாடி வாசகர்

பதில்: நட்சத்திரத்தை விடுங்கள், பட்டயக் கணக்காளர் சங்கத்தில் அவருக்கு உறுப்பினர் எண் உண்டா என்று பாருங்கள்.

கேள்வி: ஒரு இணையதளத்தில் 'மாவட்டத்தின் முதன்மை வழக்கறிஞர்' என்று நட்சத்திரங்களோடு இருந்தவரிடம் நிலத் தகராறு வழக்கை ஒப்படைத்தேன். முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு வாய்தாவுக்கே வருவதில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?
– குடியாத்தம் வாசகர்

பதில்: வருத்தத்தோடு சொல்கிறேன், அந்தக் கதவு மூடப்பட்டுவிட்டது. வழக்கறிஞர் பணி நுகர்வோர் சட்டத்தின் கீழ் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் இன்னொரு கதவு இருக்கிறது: வழக்கறிஞர்கள் சட்டம் 1961, பிரிவு 35இன் கீழ் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் பணம் கொடுத்ததற்கான சான்றோடும் வாய்தாத் தேதிகளோடும் புகார் கொடுங்கள். வழக்கறிஞர் தொழிலுக்கு விளம்பரம் தேடுவதே இந்திய பார் கவுன்சிலின் விதி 36இன்படி தவறு. இணையதளங்கள் வழக்கறிஞர்களுக்குத் தரவரிசையும் வாடிக்கையாளர் மதிப்பீடும் தருவது இத்தொழிலின் மாண்பைக் குலைப்பது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் கண்டித்தது. எனவே அந்த விளம்பரப் பக்கத்தையும் படமெடுத்து இணையுங்கள். வழக்கு நிலுவையில் இருப்பதால், முதலில் வழக்கு ஆவணக் கட்டுகளைத் திரும்ப வாங்கி வேறொருவரிடம் கொடுங்கள்; ஏமாற்றியவரைத் துரத்துவது அதற்குப் பிறகுதான்.

கேள்வி: 'சர்க்கரை நோயை வேரோடு ஒழிக்கும்' பொடி, மருத்துவருக்கு ஐந்து நட்சத்திரம், 6,000 ரூபாய். ரசீது தரவில்லை, நானும் கேட்கவில்லை. மருத்துவர் பெயரும் சரியாகத் தெரியாது. பணம் திரும்பக் கிடைக்குமா?
– ராணிப்பேட்டை வாசகர்

பதில்: பெயர் தெரியாதவரிடம், ரசீது இல்லாமல், 6,000 ரூபாய். கத்திரிக்காய் வாங்கும்போது காம்பைத் திருப்பிப் பார்க்கிற நாம், உடம்புக்குள் போகும் பொடிக்கு இதையாவது செய்யக் கூடாதா? சர்க்கரை நோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. பணம் அனுப்பிய வங்கிப் பதிவு இருந்தால் 1915இல் முயலுங்கள். வழக்கமான மாத்திரையை நிறுத்தியிருந்தால் இன்றே உங்கள் மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேறொருவருடைய முடிவை என் பெயரில் கொடுத்துவிட்டார்கள். நடந்ததை எழுதி ஒரு நட்சத்திரம் போட்டேன். அவதூறு வழக்குப் போடுவோம் என்று வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. நீக்கிவிடட்டுமா?
– ஆம்பூர் வாசகி

பதில்: தவறான அந்த அறிக்கை உங்கள் கையில் இருக்கிறதல்லவா? அப்படியென்றால் நீக்க வேண்டாம். பொதுநலன் கருதிச் சொல்லப்படும் உண்மை அவதூறு ஆகாது என்ற விதிவிலக்கு, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவிலேயே இருக்கிறது. கோபத்தில் 'திருடர்கள்' என்பது போல ஏதாவது எழுதியிருந்தால் அந்தச் சொல்லை மட்டும் எடுத்துவிட்டு, தேதியும் நிகழ்வும் மட்டும் இருக்குமாறு செய்யுங்கள். நோட்டீஸுக்கு ஒரு வழக்கறிஞர் மூலம் பதில் அனுப்புங்கள், மௌனமாக இருந்துவிடாதீர்கள். தவறான அறிக்கை தந்ததற்காக இழப்பீடு கேட்கும் உரிமை உங்களுடையது என்பதையும் அந்தப் பதிலிலேயே எழுதச் சொல்லுங்கள்.