டோபார் சைக்கிள் தாங்கி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பிரித்தானியாவில் கோடை விடுமுறை நெருங்க நெருங்க, காரில் சைக்கிள் ஏற்றிச் செல்வது பற்றிய கேள்விகள் கூடிக்கொண்டே வருகின்றன. கூரைமேல் வைக்கும் தாங்கியையும் டிக்கிக் கதவில் பட்டைகளால் கட்டும் தாங்கியையும் விட்டுவிட்டு, டோபார் எனப்படும் இழுவைக் கொக்கியின் குண்டில் பொருத்தும் தாங்கியைப் பற்றி மட்டும் இங்கே பதில் சொல்கிறேன்.

எங்களிடம் இரண்டு மின்சைக்கிள்களும் பிள்ளைகளின் சைக்கிள்கள் இரண்டும் இருக்கின்றன. நான்கு சைக்கிள் ஏற்றும் தாங்கியை வாங்கலாமா? (வாசகி, ஹரோ)

தாங்கியின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணிக்கையைப் பார்ப்பதற்கு முன், டோபாரில் பொருத்தப்பட்டிருக்கும் சிறு தகட்டைப் பாருங்கள். அதில் ‘எஸ்’ என்ற எழுத்துக்கு அருகில் உள்ள எண், குண்டின்மேல் நேர்கீழாக இறங்கக்கூடிய உச்ச எடையைக் குறிக்கிறது. குடும்பக் கார்களில் அது பெரும்பாலும் 50 கிலோவுக்கும் 100 கிலோவுக்கும் இடையில் இருக்கும். 75 கிலோ என்பதை அடிக்கடி காணலாம். காரின் கையேட்டில் வேறு எண் இருந்தால், இரண்டில் எது குறைவோ அதுவே உங்களுக்குரிய வரம்பு. என் கார் 1,500 கிலோ டிரெய்லரை இழுக்கும், இந்தச் சைக்கிள்களைத் தாங்காதா என்று சிலர் கேட்பதுண்டு. டிரெய்லரின் எடையை அதன் சக்கரங்களே சுமக்கின்றன; தாங்கிக்குச் சக்கரம் இல்லை.

உங்கள் வரம்பு 75 கிலோ என்றும், நான்கு சைக்கிள் தாங்கியின் சொந்த எடை 22 கிலோ என்றும் வைத்துக்கொள்வோம். மின்சைக்கிள் ஒவ்வொன்றும் 25 கிலோ, பிள்ளைகளின் சைக்கிள்கள் 10 கிலோவும் 8 கிலோவும் என்றால், மொத்தம் 90 கிலோ ஆகிவிடும். பேட்டரிகளைக் கழற்றிக் காருக்குள் வைத்தால் ஒரு சைக்கிளுக்கு ஏறக்குறைய 3 கிலோ குறையும். அப்படியும் 84 கிலோ நிற்கும். ஆகவே அந்தத் தாங்கி உங்களுக்கு உதவாது. அதற்குப் பதிலாக 19 கிலோ எடையுள்ள மூன்று சைக்கிள் தாங்கியை எடுத்து, பேட்டரி இல்லாத இரு மின்சைக்கிள்களையும் 10 கிலோ சைக்கிளையும் ஏற்றினால் 73 கிலோவில் முடியும். சிறிய சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றி அதை டிக்கிக்குள் வைத்துவிடலாம்.

இதோடு கணக்கு முடியவில்லை. தாங்கிக்கும் தனியாக ஒரு மொத்த வரம்பும், ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு வரம்பும் உண்டு. காரிலிருந்து தள்ளியிருக்கும் கடைசி இடத்துக்குப் பல தாங்கிகளில் குறைந்த எடையே அனுமதிக்கப்படுகிறது. கனமான சைக்கிள் காரை ஒட்டி முதலில் நிற்க வேண்டும், இலேசானது வெளியே நிற்க வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம்: எடை குண்டைவிட்டு எவ்வளவு தள்ளிப்போகிறதோ, அதே எடை குண்டை அவ்வளவு அதிகமாக முறுக்கும். பின் அச்சின் நிலையும் இப்படித்தான். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.7 மீட்டர் உள்ள ஒரு காரில், பின் அச்சிலிருந்து 1.1 மீட்டர் பின்னால் 75 கிலோவை வைத்தால், பின் அச்சின்மேல் சுமார் 105 கிலோ கூடும், முன் அச்சில் சுமார் 30 கிலோ குறையும். பின்னிருக்கையில் மூவர், டிக்கி நிறையப் பெட்டிகள், அதற்கும் பின்னால் சைக்கிள்கள் என்று புறப்படும் குடும்பம், கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் பின் அச்சு வரம்பைப் படித்துவிட்டுக் கனமான பெட்டிகளை முன்னிருக்கைகளுக்கு அருகே நகர்த்துவது நல்லது. டயர்க் காற்றழுத்தத்தையும் முழுச் சுமைக்கு உரிய அளவுக்கு உயர்த்துங்கள்.

டோபாரே இன்னும் பொருத்தவில்லை. நிலையானதா, கழற்றக்கூடியதா, எது நல்லது? (வாசகர், லெஸ்டர்)

சைக்கிளுக்காக மட்டுமே என்றால், அன்னத்தின் கழுத்துப்போல் வளைந்த ஒற்றைக் கம்பியின் நுனியில் குண்டு அமைந்த வகையைத் தேர்ந்தெடுங்கள். அது நிலையானதாகவோ கழற்றக்கூடியதாகவோ இருக்கலாம். இரண்டு போல்ட்டுகளால் தகட்டில் பொருத்தப்படும் பழைய வகைக் குண்டில், பல தாங்கிகளின் பிடிக்குப் போதிய இடம் கிடைப்பதில்லை. தாங்கி இல்லாத நாள்களில் குண்டு நம்பர் பிளேட்டை மறைக்கக்கூடாது என்பதால், சில கார்களுக்குக் கழற்றக்கூடிய வகையைத் தவிர வேறு வழியில்லை.

1998 ஆகஸ்ட் 1 முதல் பதிவான பயணிகள் கார்களில் வகை அங்கீகாரம், அதாவது முறையாகச் சோதித்து அளிக்கப்பட்ட ஒப்புதல், பெற்ற டோபாரையே பொருத்த வேண்டும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பழைய டோபாரில் தகடே இல்லையென்றால், விலையைப் பேசாமல் விலகிவிடுங்கள். தாங்கியின் கையேட்டில் குண்டு எஃகினால் ஆனதாக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தால், அலுமினியக் குண்டில் அதைப் பொருத்தக்கூடாது.

செலவைக் குறைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும், தாங்கியின் விளக்குகளைக் காரோடு இணைக்கும் மின்கம்பித் தொகுதியில்தான் கைவைக்கிறார்கள். அதை நான் ஏற்பதில்லை. உங்கள் கார் மாதிரிக்கென்றே தயாரித்த தொகுதியைப் பொருத்தி, காரின் கணினியில் பதிவுசெய்துவிட்டால், தாங்கியின் பிளக்கைச் செருகியவுடன் பின்புறப் பார்க்கிங் சென்சார்கள் தாமாக அடங்கும், காரின் பின்பனி விளக்கும் அணைந்து தாங்கியின் விளக்கு அதன் வேலையை ஏற்கும். எல்லாக் கார்களுக்கும் பொதுவாக விற்கும் தொகுதியில் இவற்றை எதிர்பார்க்க முடியாது. சாக்கெட் 13 முனை உள்ளதாகவே இருக்கட்டும், ஏனெனில் இன்றைய தாங்கிகளில் பெரும்பாலானவற்றின் பிளக் அந்த வகையே. பழைய 7 முனைச் சாக்கெட் இருந்தால் இடையில் ஓர் அடாப்டர் போதும், ஆனால் தாங்கியின் பின்னோக்கு விளக்கு எரியாது. பொருத்தி முடித்ததும் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் ஓடியபின் போல்ட்டுகளை மீண்டும் இறுக்கிப் பார்க்குமாறு பல தயாரிப்பாளர்கள் சொல்வதையும் அலட்சியப்படுத்த வேண்டாம்.

எங்கள் மின்காருக்கு டிரெய்லர் இழுக்க அனுமதி இல்லை என்கிறார்கள். அப்படியென்றால் தாங்கியும் கிடையாதா? (வாசகர், ரெடிங்)

இவை இரண்டும் தனித்தனி அனுமதிகள். ஃபோக்ஸ்வாகன் ஐடி.3 காருக்கு, டிரெய்லர் இழுப்பதற்கு அன்றிச் சைக்கிள் தாங்கிக்கென்றே ஒரு கொக்கி வழங்கப்பட்டது. உங்கள் காரின் கையேட்டில் குண்டின்மேல் இறங்கும் எடைக்கு ஓர் எண் இருக்கிறதா என்று தேடுங்கள். எண் இருந்தால் பொருத்தலாம். இல்லையென்றால், யார் எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும் பொருத்த வேண்டாம்.

எவ்வளவு இறுக்கினாலும் தாங்கி பக்கவாட்டில் மெல்லச் சாய்ந்துவிடுகிறது. தாங்கியில்தான் குறையா? (வாசகி, க்ரொய்டன்)

பெரும்பாலும் குறை குண்டின்மேல்தான் இருக்கும். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள அந்தக் குண்டைத் தாங்கி கவ்விப் பிடிப்பது முற்றிலும் உராய்வினால்தான். டிரெய்லருக்காகத் தடவிய கிரீஸோ, துருவோ, புதுக் குண்டின் பெயிண்டோ இடையில் இருந்தால் பிடி வழுக்கும். கொழுப்பை நீக்கும் திரவத்தால் குண்டையும் தாங்கியின் கவ்வியின் உட்புறத்தையும் துடைத்து உலரவிடுங்கள். அதன்பின் நெம்புகோலை அழுத்திப் பாருங்கள்: ஒரு விரலால் மூட முடிந்தால் இறுக்கம் போதாது, கையேட்டில் சொல்லியபடி சரிசெய்யும் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். நெம்புகோலை நீட்டிக்கக் குழாயைச் செருகி மிதிக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். தாங்கி நேராக நிற்கிறதா என்பதைச் சைக்கிள் ஏற்றுவதற்கு முன்பே, காரைச் சமதளத்தில் நிறுத்திப் பார்த்துவிடுங்கள். புறப்பட்டுச் சில கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்திப் பட்டைகளையும் பிடிகளையும் மறுபடி இறுக்குங்கள்.

பின்னால் நம்பர் பிளேட் மறைகிறது. அட்டையில் எழுதி ஒட்டினால் போதுமா? (வாசகர், மில்ட்டன் கீன்ஸ்)

போதாது. தாங்கியில் பொருத்துவதும் மஞ்சள் நிறத்தில், உரிய எழுத்துருவில், முறையாகச் செய்த பிளேட்டாக இருக்க வேண்டும். இரவில் அதற்கு வெளிச்சமும் தேவை. மறைந்த அல்லது முறையற்ற பிளேட்டுக்கு 1,000 பவுண் வரை அபராதம் விதிக்க முடியும். பதிவுபெற்ற விற்பனையாளரிடம் உங்கள் அடையாளச் சான்றையும் வி5சி பதிவுப் பத்திரத்தையும் காட்டினால் செய்துகொடுப்பார்கள். காரின் விளக்குகளைச் சக்கரங்கள் மறைக்கும் என்பதால் தாங்கியின் விளக்குகள் எல்லாம் எரிகின்றனவா என்று ஒவ்வொரு முறையும் ஒருவர் பின்னால் நின்று பார்க்கட்டும்.

சைக்கிள்களை இறக்காமல் டிக்கியைத் திறக்க முடியுமா? (வாசகி, கார்டிஃப்)

சாய்க்கும் வசதியுள்ள தாங்கியாக இருந்தால் முடியும். ஆனால் உயரமான, கதவு பின்னோக்கி அகலமாகத் திறக்கும் கார்களில் அந்தச் சாய்வும் போதாமல் போவதுண்டு. உங்கள் காரைக் கடைவாசலுக்கே கொண்டுபோய்ப் பார்ப்பதுதான் நல்லது. மோட்டாரால் தானாகத் திறக்கும் கதவு என்றால், தாங்கி இருக்கும் நாள்களில் பம்பருக்கடியில் கால் அசைத்துத் திறக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். கதவு தானே உயர்ந்து சைக்கிளின் கைப்பிடியில் மோதிய பிறகு கண்ணாடிக்கான செலவு தாங்கியின் விலையைத் தாண்டக்கூடும்.

என் மனைவியின் சைக்கிளில் மேல்குழாய் இல்லை, என்னுடையது கார்பன். எதைப் பிடிப்பது? (வாசகர், ஹரோ)

மேல்குழாய் இல்லாத சைக்கிளுக்கு, இருக்கைத் தண்டையும் கைப்பிடித் தண்டையும் இணைக்கும் துணைக் கம்பி ஒன்று விற்கிறார்கள். குழந்தைகளின் சைக்கிளுக்கும் அது உதவும். கார்பன் குழாயை நெரிக்கும் பிடி உடைத்துவிடும், அந்த விரிசல் வெளியே தெரியாமலும் இருக்கும். ஆகவே இறுக்க வரம்பு உள்ள பிடியை வாங்குங்கள், அல்லது சக்கரங்களை மட்டும் பிடிக்கும் தாங்கியைத் தேடுங்கள். புகைபோக்கியின் வாய் எந்த டயருக்கு நேராக வருகிறது என்பதையும் பாருங்கள். நெடும்பயணத்தில் அந்தச் சூடு டயரையும் கார்பன் விளிம்பையும் கெடுக்கும்.

தாங்கியோடு மோட்டார்வேயில் 60 மைல்தான் போக வேண்டுமா? பிரான்ஸ் வழியாக இத்தாலி போகும் எண்ணமும் இருக்கிறது. (வாசகர், லண்டன்)

60 மைல் வரம்பு டிரெய்லருக்கு உரியது. தாங்கி டிரெய்லர் அல்ல என்பதால் 70 மைல் வரம்பே உங்களுக்கும் பொருந்தும். ஆயினும் தாங்கியின் கையேட்டில் இதைவிடக் குறைந்த வேகம் குறிப்பிடப்பட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். படகிலோ கால்வாய்ச் சுரங்க ரயிலிலோ முன்பதிவு செய்யும்போது காரின் நீளத்தோடு தாங்கியின் நீளத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். இத்தாலியிலும் ஸ்பெயினிலும் பின்னால் நீண்டிருக்கும் சுமைக்குச் சிவப்பும் வெள்ளையுமான சாய்கோடுகள் கொண்ட, ஒளியைத் திருப்பும் 50 சென்டிமீட்டர் சதுரப் பலகை வேண்டும். காரில் ஒட்டிய யுகே ஸ்டிக்கரைத் தாங்கி மறைப்பதால் இன்னொன்றைத் தாங்கியின் விளக்குப் பலகையில் ஒட்டிக்கொள்ளுங்கள்.