மாலை நேர டாக்டருக்கு மாதச் சம்பளமா, பங்கா?

உங்கள் கிளினிக்கில் மாலை நேரத்துக்கு வைத்த புது டாக்டருக்கு, கூட்டமே இல்லாமல் மாதம் 60,000 சம்பளம் கொடுப்பது கட்டுப்படியாகவில்லை என்றால், குறைந்தபட்சத் தொகையோடு பங்கு என்று அவரிடம் பேசி மாற்றுங்கள் டாக்டர். ஒரு மாலைக்கு 1,200 உறுதி. 200 ரூபாய் ஃபீஸில் 60 சதவீதம் என்று கணக்கிட்டு, எது அதிகமோ அதைக் கொடுங்கள். பத்து பேர் வரை 1,200தான், பதினொன்றாவது ஆளிலிருந்து அவருக்குக் கூடும். லேப், மருந்தில் பங்கு மட்டும் வேண்டவே வேண்டாம். பரிந்துரைக்குக் கமிஷன் வாங்குவதை 2002 மருத்துவ நெறிமுறை விதிகள் தடுக்கின்றன.

ஆனால் சேலம் அஸ்தம்பட்டி மாதிரி இடத்தில் மாலையில் கூட்டம் இல்லாததற்குக் காரணம் பெரும்பாலும் டோக்கன் கவுண்டரில் இருப்பவர்கள்தான். "பெரிய டாக்டர் இல்லீங்களா?" என்று கேட்டதுமே, "காலையில வாங்க" என்று அனுப்பிவிடுவார்கள். எங்கள் கிளினிக்கில் அப்படித்தான் நடந்தது. பாவம், புது டாக்டர் சும்மா உட்கார்ந்திருந்தார்.

இரண்டு வாரம் டோக்கன் நோட்டில் திரும்பிப் போனவர்களுக்கு ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். புள்ளிகள் நிறைய இருந்தால் சம்பளத்தைத் தொடாதீர்கள். நான்கைந்து மாலை நீங்களே அவரோடு உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்துங்கள்.

அப்புறம், பங்கு முறையில் அவருக்குக் கொடுப்பது ஆண்டுக்கு 50,000 தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ் (கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வருமான வரி) பிடிக்க வேண்டிவரலாம். தனிநபர் கிளினிக் என்றால், போன ஆண்டு உங்கள் மொத்த வரவு 50 லட்சத்தைத் தாண்டியதா என்று ஆடிட்டரிடம் முதலில் கேளுங்கள்.