சீல் தொட்டி கட்ட ஆசைப்படும் மகளுக்கு எந்தப் பிரிவு?

வணக்கம் அண்ணை. வட்டக்கச்சியிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. மகளுக்குச் சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு வந்திருக்கிறது. உயர்தரத்துக்குக் கணிதப் பிரிவு எடு என்கிறீர்கள் நீங்கள். உயிரியல்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள் அவள். காரணம் கேட்டால், வெளிநாட்டு மீன்காட்சியகம் ஒன்றில் சீல் என்கிற கடல் பாலூட்டிகளுக்குப் புதிதாக இடம் கட்டுகிற வீடியோவைக் கொண்டுவந்து காட்டுகிறாள். "டேற்றா முழுக்க அதிலதான் போகுது. கண்ணாடி பூட்டுற இடத்தையே திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்க்கிறாள். இவ்வளவு படிச்ச பிள்ளை சீலுக்கு மீன் வெட்டிக் குடுக்கிறதே?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கோபத்தில் எழுதிய அந்த வரிகளிலேயே பாதிப் பதில் கிடக்கிறது. சீல் துள்ளுகிற காட்சியைப் பிள்ளை திருப்பிப் பார்க்கவில்லை, கண்ணாடி பூட்டுவதைத்தான் பார்க்கிறாள். உங்கள் இருவருக்கும் இடையில் நடக்கிற சண்டை உண்மையில் சண்டையே இல்லையோ என்று எனக்கு ஐயமாக இருக்கிறது. அதற்கு, சீலுக்கு இடம் கட்டுவதென்றால் என்ன வேலை என்று நீங்களும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் அந்தக் "கண்ணாடி". பெரிய தொட்டிகளில் பூட்டுவது பெரும்பாலும் கண்ணாடியல்ல, அக்ரிலிக் என்கிற தெளிவான பிளாஸ்ரிக்கில் செய்த தடித்த பலகை. ஜப்பானின் ஒகினாவாவில் 2002 இல் திறந்த சுராஉமி மீன்காட்சியகத்தில் 22.5 மீற்றர் அகலமும் 8.2 மீற்றர் உயரமும் கொண்ட பலகை இருக்கிறது. தடிப்பு 60 சென்ரிமீற்றர். சீலுக்கு அவ்வளவு தேவையில்லை. மூன்று மீற்றர் ஆழத் தொட்டி, நான்கு மீற்றர் அகலப் பலகை என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீற்றர் ஆழத்துக்குச் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ ஒரு தொன் அழுத்தம். மேலே பூச்சியம், அடியில் மூன்று தொன், சராசரி ஒன்றரை. பன்னிரண்டு சதுர மீற்றருக்கும் சேர்த்தால் அந்தப் பலகையைப் பதினெட்டுத் தொன் தண்ணீர் இராப்பகலாகத் தள்ளிக்கொண்டு நிற்கும். பார்க்க வந்த சின்னப்பிள்ளை மறுபக்கத்தில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு நிற்கும். இந்தக் கணக்கு உயர்தரப் பௌதிகவியலில் வருகிறது. உயிரியல் புத்தகத்தில் தேடினால் கிடையாது.

பிறகு தொட்டி. உப்புத்தண்ணீர் கொங்கிறீற்றுக்குள் ஊறி உள்ளே கிடக்கிற கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருவேறிய கம்பி பருத்து, கொங்கிறீற்றை உள்ளேயிருந்து வெடிக்கப் பண்ணும். அதனால் கம்பிக்கு மேல் எவ்வளவு தடிப்பாகக் கொங்கிறீற் மூட வேண்டும், உட்பக்கம் எந்தப் பூச்சுப் பூச வேண்டும் என்பதெல்லாம் தனிப் படிப்பு. கடற்கரையோரமாகக் கட்டினால் இன்னொரு சிக்கல். முல்லைத்தீவுக் கரையில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வருமே, அப்படியான நிலத்தில் தொட்டியைக் கழுவ வெறுமையாக்கினால் கீழேயுள்ள நிலத்தடி நீர் முழுத் தொட்டியையும் மேலே தூக்கிவிடப் பார்க்கும். நிரம்பிய தொட்டியை விட வெறுந்தொட்டிக்குப் பயப்படுகிற பொறியியலாளர்கள் இருக்கிறார்கள்.

கட்டி முடித்ததும் ஒழுக்குப் பார்ப்பார்கள். எனக்குப் பிடித்த வேலை இது, செலவேயில்லாதது. தொட்டியை நிரப்பி, ஒரு வாளியிலும் தண்ணீர் எடுத்து, தொட்டிக்குள்ளேயே படியில் வாளியை வைப்பார்கள். வாளிக்குள் தண்ணீர் நிற்கிற மட்டத்துக்கு ஒரு கோடு, வெளியே தொட்டியின் மட்டத்துக்கு ஒரு கோடு. ஒருநாள் கழித்துப் போய்ப் பார்த்தால் இரண்டிலும் மட்டம் இறங்கியிருக்கும். ஒரே அளவு இறங்கியிருந்தால் வெயில் குடித்தது. தொட்டி மட்டும் கூட இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. கோடிக்கணக்கில் காசு கொட்டிய கட்டடத்துக்கு ஒரு பிளாஸ்ரிக் வாளி சாட்சி சொல்கிறது.

அடுத்தது வடிகட்டல். காட்சியகத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது, பார்வையாளர் கண்ணில் படுவதேயில்லை. சீல் நாளுக்குச் சில கிலோ மீன் தின்னும், கழிவும் அதே தண்ணீருக்குள்தான். 200 கனமீற்றர் தொட்டியை மணிக்கு ஒருமுறை முழுதாக வடித்தெடுப்பதென்றால் மணிக்கு இரண்டு இலட்சம் லீற்றர் தண்ணீர் பம்ப் வழியாக ஓட வேண்டும். மணல் வடிகட்டி, புரத நுரையை ஊதிப் பிரிக்கிற கருவி, கிருமி கொல்கிற ஓசோன் அறை, எல்லாவற்றுக்கும் மேலே மின்சாரம் போனால் உடனே பிடிக்கிற ஜெனரேற்றர். அமெரிக்கச் சட்டத்தில், கடல்வாழ் பாலூட்டிகளின் தொட்டியில் 100 மில்லிலீற்றர் தண்ணீருக்கு, கழிவோடு வருகிற கோலிபோம் பக்ரீரியா 1,000 ஐத் தாண்டக்கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். தாண்டாமல் பார்ப்பவர், மேலே உடுப்புப் போட்டு மீன் எறிகிறவர் அல்ல, கீழே பம்ப் அறையில் காது அடைத்து நிற்கிறவர்.

கடற்கரையிலிருந்து தூரமென்றால் கடல்நீரையே செய்ய வேண்டும். கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. அதே தொட்டிக்கு ஏழு தொன் உப்பு வேண்டும். ஆனையிறவு உப்பளத்தைப் பஸ்ஸில் கடந்துபோகிற நேரம் மகளிடம் இந்தக் கணக்கைக் கேட்டுப் பாருங்கள்.

உயிரியல் எங்கே வருகிறது என்றால், சுவரின் நிறம் வரை வருகிறது. வளர்ப்பிடங்களில் வாழும் சீல், கடற்சிங்கங்களுக்குக் கண்நோய் அதிகம். பார்வை மங்கி, வில்லையில் புரை விழும். நிழலில்லாத தொட்டி, வெயிலைத் திருப்பி அடிக்கிற வெளிர்நீலப் பூச்சு, தண்ணீரில் மிஞ்சிய குளோரினோ ஓசோனோ எல்லாம் சேர்ந்து செய்கிற கேடு. ஆகவே பார்வையாளர் விரும்புகிற நீச்சல்குள நீலத்தை வேண்டாமென்று சொல்ல ஒரு மிருக வைத்தியர் வேண்டும், அவர் சொல்வதைக் கேட்டு வரைபடத்தைத் திருத்த ஒரு பொறியியலாளர் வேண்டும். ஏறிப் படுக்க உலர்ந்த மேடை, நோய் கண்டால் ஒதுக்கிவைக்கத் தனி வடிகட்டலோடு பின்பக்கத்தில் இன்னொரு தொட்டி என்று இருவரும் சேர்ந்து போடுகிற பட்டியல் நீளம்.

இனி உங்கள் "மீன் வெட்டுற வேலை". அண்ணை, அதை அவ்வளவு இளக்காரமாகச் சொல்லாதீர்கள். உறையவைத்த மீனில் வைற்றமின் பி1 அழிந்துபோகும். அதனால் மீனை உருகவிட்டு, நிறுத்து, ஒவ்வொரு சீலின் பங்கிலும் ஒரு மீனின் செவுளைத் தூக்கி உள்ளே வைற்றமின் குளிசையைச் செருகிக் கொடுப்பார்கள். எந்தச் சீல் எவ்வளவு தின்றது, எது முகம் திருப்பியது என்று எழுதிவைப்பார்கள். சீல் தானாக வாயைத் திறந்து பல்லைக் காட்டவும், துடுப்பை நீட்டி இரத்தம் எடுக்க விடவும் மாதக்கணக்கில் பழக்குவார்கள். விலங்கியல் படித்தவர்கள் போட்டி போடுகிற வேலை அது.

ஆனால் போட்டி போட இடம் எத்தனை என்பதுதான் என் கவலை. நம் கடலில் சீல் வாழ்வதில்லை. தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையின் கடற்சிங்கக் காட்சியைத் தவிர இந்தத் தொழிலுக்கு இலங்கையில் பெரிய களம் இருந்ததில்லை. மிருக வைத்தியப் பட்டம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மட்டும். அதைப் படிக்கிறவர்களில் அநேகர் கடைசியில் மாடு, கோழி, நாய், பூனை என்றுதான் பார்ப்பார்கள், நல்ல தொழில்தான், சீல் வராது. கடல் பாலூட்டிதான் வேண்டுமென்றால் மன்னார் வளைகுடாவில் கடற்பசு இருக்கிறது. 2020 நவம்பரில் பாணந்துறையில் நூற்றுக்கு மேற்பட்ட திமிங்கிலங்கள் கரையேறி, கடற்படையும் ஊர்ச்சனமும் இரவிரவாகத் தள்ளிக் கடலில் விட்டார்களே, அப்படியான நேரத்தில் விஷயம் தெரிந்த ஆட்கள் நாட்டுக்குத் தேவை. மகளின் மனம் அங்கே நிற்கிறதென்றால் உயிரியல் எடுக்கட்டும். கடல், நீர்வள ஆராய்ச்சி செய்கிற நாரா நிறுவனம், வனஜீவராசிகள் திணைக்களம், றுகுணுப் பல்கலைக்கழகத்தின் மீன்பிடி, கடல் விஞ்ஞான பீடம் என்று அந்தப் பாதையும் இருக்கிறது. இடங்கள் குறைவு என்பதைத் தெரிந்துகொண்டு போகட்டும்.

கண்ணாடியும் பம்பும்தான் அவளைப் பிடித்திருக்கிறதென்றால், நீங்கள் சொன்ன கணிதப் பிரிவுதான் சரி. இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். பிறகு சிவிலோ இயந்திரவியலோ. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் உங்கள் வீட்டிலிருந்து எட்டிப்பிடிக்கிற தூரத்தில் அறிவியல்நகரில் இருக்கிறது, இடம் எங்கு கிடைக்கும் என்பது உயர்தரப் பெறுபேற்றைத் தரப்படுத்திக் கணக்கிடுகிற இசட் புள்ளியைப் பொறுத்தது. அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கும் அந்தப் பதினாறுக்குள் வருகின்றன. இதைச் சலுகை என்று நினைத்துப் படிப்பைத் தளர்த்துகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். உள்ளே போனபின் விரிவுரையும் பரீட்சையும் எல்லோருக்கும் ஒன்றுதான், அதுவும் ஆங்கிலத்தில்.

இணைந்த கணிதம் அவளுக்குப் பாரமென்று ஆசிரியர் சொன்னால், தொழில்நுட்பப் பிரிவில் பொறியியல் தொழில்நுட்பம் எடுக்கலாம். அதற்கான பட்டப்படிப்பு கிளிநொச்சியிலேயே உண்டு. ஒன்றை மட்டும் இப்போதே தெரிந்து வையுங்கள்: அந்தப் பிரிவிலிருந்து பொறியியல் பீடத்துக்குப் போக முடியாது, தொழில்நுட்பப் பட்டத்துக்குத்தான் போகலாம். பலர் இதைப் பெறுபேறு வந்தபிறகுதான் கேட்டுக்கொண்டு வருகிறார்கள். உயர்தரமே சரிவராமல் போனாலும் அறிவியல்நகரில் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிலையம் இருக்கிறது. மின், இயந்திரம், கட்டுமானம் என்று தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழோடு வெளியே வரலாம். பம்ப் அறையை நடத்துகிறவர்களில் பலர் பட்டதாரிகள் அல்ல, இப்படிப் பயின்ற கைகள்தான்.

"சீல் தொட்டி கட்ட வன்னியில ஆர் இருக்கினம்?" என்று கேட்பீர்கள். ஒருவருமில்லை. ஆனால் அந்தத் தொழில் இங்கே வேறு பெயரில் நடக்கிறது. வடமராட்சி கிழக்கின் தாளையடியில் 2024 இல் திறந்த கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் குடிநீர் எடுக்கக் கட்டியது. உப்புத்தண்ணீரை இழுத்து, வடித்து, துருவோடு மல்லுக்கட்டுகிற அதே வேலை. சிறுநீரக நோய்க்குப் பயந்து வவுனியா, முல்லைத்தீவுக் கிராமங்களில் வைத்திருக்கிற, தண்ணீரை மென்சவ்வு வழியாக அழுத்திச் சுத்தமாக்குகிற ஆர்.ஓ. நிலையங்களைப் பாருங்கள், பழுதானால் திருத்த ஆள் தேடி அலைகிறார்கள். மன்னாரில் இறால் பண்ணை, பூநகரியில் கடலட்டை. வெளியே போவதென்றாலும் அபுதாபியில் 2023 இல் திறந்த சீவேர்ள்ட் என்கிற கடல்விலங்குப் பூங்கா மாதிரி இடங்களில், பாலைவன வெயிலில் குளிர்நீர் தொட்டிகளை இரவுபகலாக ஓட்டப் பொறியியலாளரும் தொழில்நுட்பவியலாளரும் வேண்டும். சீல் பராமரிப்பு மட்டும் படித்த பிள்ளைக்குச் சீல் உள்ள ஊரில்தான் வேலை. தண்ணீர் வேலை படித்த பிள்ளைக்குத் தண்ணீர் உள்ள எங்கும் வேலை.

பெண்பிள்ளையைக் கட்டட வேலைத்தளத்துக்கு எப்படி அனுப்புவது என்று கடைசிப் பந்தியில் மெதுவாகக் கேட்டிருக்கிறீர்கள். இரணைமடுக் குளத்துத் தண்ணீருக்காக இரவில் வாய்க்கால் பார்க்க உங்கள் மனைவியும் வந்திருப்பா. அதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

உயர்தர வகுப்பு தொடங்க முதல் ஒரு சின்னச் சோதனை வையுங்கள். உங்கள் கிணற்று மோட்டர் மணிக்கு எத்தனை லீற்றர் அடிக்கிறது என்று மகளை அளந்து சொல்லச் சொல்லுங்கள். 200 லீற்றர் பரலும் போனில் இருக்கிற கடிகாரமும் போதும். பரல் நிரம்ப எத்தனை செக்கன், கிணற்றில் நீர்மட்டம் இறங்கினால் ஏன் நேரம் கூடுகிறது, மேலே உள்ள தாங்கிக்கு ஏற்றினால் ஏன் இன்னும் கூடுகிறது. ஆர்வத்தோடு கொப்பியும் கையுமாகத் திரிந்தாள் என்றால் கணிதம். பரலைப் பாதியில் விட்டுவிட்டுக் கிணற்றுக்குள் தவளை முட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள் என்றால், அண்ணை, நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டியதுதான்.

முடிவை எனக்கு எழுதி அனுப்புங்கள். அளந்த கணக்கை மகளே எழுதட்டும், நீங்கள் திருத்த வேண்டாம். அவளுடைய கணித ஆசிரியர் என்ன சொல்கிறார் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். சாதாரண தரத்தில் எடுத்த 'ஏ'யை விட எனக்கு அது முக்கியம்.