மேய்ச்சல் வெளியும் மாட்டுக் கணக்கும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தேனி மாவட்டத்தில் மலையடிவாரத்து ஊர் எங்களுடையது. தாத்தா காலத்தில் பொது மந்தைவெளி இருந்தது. இன்று பாதி ஆக்கிரமிப்பு, மீதி சீமைக்கருவேலம். பொதுச்சொத்து என்றால் அவனவன் சுருட்டத்தான் பார்ப்பான், அதுதான் மனித இயல்பு என்கிறார் என் அண்ணன். பேராசை இல்லாமல் எல்லோரும் சமமாக வாழ்ந்த ஒரு மலைக்கிராமமாவது உலகில் உண்டா?

ரா., தேனி மாவட்டம்

அன்புள்ள ரா.,

அப்படி ஓர் ஊர் எனக்குத் தெரியாது. ஆனால் பேராசை உள்ளவர்களே கூடி, ஐந்நூறு ஆண்டுகளாக மேய்ச்சல் வெளியைக் காப்பாற்றிய ஊர் ஒன்று தெரியும். சுவிட்சர்லாந்தின் வாலே மாநிலத்தில், விஸ்பா ஆற்றுப் பள்ளத்தாக்கின் சரிவில் இருக்கும் டோர்பெல். மானுடவியலாளர் ராபர்ட் நெட்டிங் அந்த ஊரை ஆராய்ந்து விரிவாக எழுதியிருக்கிறார்.

உங்கள் அண்ணன் சொல்வதையே 1968இல் அமெரிக்கச் சூழலியலாளர் காரெட் ஹார்டின் கோட்பாடாக எழுதினார். கூடுதலாக ஒரு மாடு விட்டால் லாபம் விட்டவனுக்கு, நட்டம் எல்லோருக்கும். ஆகவே ஆளாளுக்கு விடுவார்கள், கடைசியில் புல் மிஞ்சாது. கணக்கில் பிழையில்லை. ஆனால் அவர் சொன்னது கேட்பாரற்ற நிலத்தை. டோர்பெல்லில் கேட்க ஆள் இருந்தது.

1483இல் ஊரார் கையெழுத்திட்டுச் சங்கம் அமைத்தார்கள். வெளியூர்க்காரன் அங்கே நிலம் வாங்கினாலும் பொது மேய்ச்சலிலும் காட்டிலும் அவனுக்கு உரிமை கிடையாது. 1517ஆம் ஆண்டு ஆவணத்தில் வருகிறது எனக்கு மிகவும் பிடித்த விதி: குளிர்காலம் முழுக்கத் தீனி போட்டுக் காப்பாற்றக்கூடிய மாடுகளுக்கு மேல் ஒன்றைக்கூடக் கோடையில் மலைமேல் மேய்ச்சலுக்கு அனுப்பக் கூடாது.

இதில் எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள். குளிர்காலத் தீனி என்பது சொந்தப் புல்வெளியில் அறுத்துக் காயவைத்த புல். அவனவன் நிலம் எவ்வளவு, புல் எவ்வளவு என்பது ஊருக்கே தெரியும். கோடை மேய்ச்சலுக்கு விலைக்கு வாங்கிய மாட்டை நுழைத்து லாபம் பார்க்க வழியில்லை. எல்லா மாடுகளும் ஒரே சமயத்தில் மேலே போகும், போனவுடன் எண்ணிவிடுவார்கள். மீறியவனிடம் தண்டம் வசூலிக்கும் ஊர் அதிகாரிக்கு அதில் பாதி. பேராசையைக் காவலுக்கு வைத்திருக்கிறார்கள்!

விறகுக்கும் இதே கறார்தான். வெட்ட வேண்டிய மரங்களில் முன்கூட்டியே அடையாளமிடுவார்கள். வீடுகள் குழுவாகச் சேர்ந்து வெட்டி, சம அளவான அடுக்குகளாக்கி, திருவுளச்சீட்டுப் போட்டு எடுத்துக்கொள்வார்கள். எந்த அடுக்கு யாருக்கு என்று தெரியாதபோது ஒன்றை மட்டும் பெரிதாக அடுக்க யாருக்கும் கை வராது.

சமத்துவம் என்று கேட்டீர்களே, அது அங்கே இல்லை. புல்வெளி நிறைய வைத்திருந்தவன் நிறைய மாடு விட்டான். மலைமேல் கறந்த பாலில் செய்த பாலாடைக்கட்டியில் பங்கும் மாட்டுக் கணக்குப்படிதான், மாடு குறைந்தவனுக்குக் குறைவு. வெளியாருக்குக் கதவே திறக்கவில்லை. ஒரு மலைக்கிராமத்தைப் படத்தில் பார்த்தவுடன் அங்கே தூய உள்ளங்கள் வாழ்வதாக நினைத்துக்கொள்ளும் பழக்கம் நமக்கு உண்டு. அந்தச் சரிவில் வாழ்ந்தவர்கள் ஒருவரையொருவர் அந்த அளவுக்கு நம்பவில்லை, அதனால்தான் எழுதி வைத்தார்கள்.

2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், பொதுச்சொத்தை ஊராரே காக்க முடியும் என்பதற்கு எடுத்துக்காட்டும் ஊர்களில் டோர்பெல்லும் ஒன்று. அண்ணனுக்கு அவருடைய கட்டுரை எதையாவது கொடுங்கள், வாதம் சூடுபிடிக்கும்.

உங்கள் மந்தைவெளியில் யார் எத்தனை மாடு விடலாம் என்று ஏதாவது கட்டுப்பாடு இருந்ததா? தண்டம் யார் போட்டார்கள், அது எப்போது நின்றது? ஊரில் வயதானவர்களிடம் விசாரித்து எழுதுங்கள்.