பதிவு செய்த இடம் ஒன்று, கிளிக் விழும் இடம் வேறு

அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அரிசி ஆலையில் கணக்குப் பார்க்கும் வாசகர் கேட்கிறார்: “அண்ணாச்சி, தினமும் கட்டுக் கட்டாக எடைச்சீட்டுகளை பில்லிங் மென்பொருளில் ஏற்ற வேண்டியிருக்கு. பைத்தானில், மவுஸையும் கீபோர்டையும் இயக்க உதவும் பைன்புட் (pynput) நூலகத்தை வைத்து, நான் கிளிக் செய்யும் இடங்களைப் பதிந்துகொண்டு அப்படியே திரும்பச் செய்ய ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். ஆபீஸ் கம்ப்யூட்டரில் நன்றாக ஓடியது. புது லேப்டாப்பில், அதிலேயே மறுபடி பதிந்து ஓட்டியும் ‘சேமி’ பட்டனைத் தாண்டி எங்கேயோ கிளிக் விழுது. இடது மேல்மூலை மெனு மட்டும் சரியா வருது. மவுஸ் கோளாறா?”

மவுஸ் மேல் பழி போடாதீர்கள். மேல்மூலை மட்டும் சரியாக வருகிறது என்றீர்களே, துப்பு அதில்தான் இருக்கிறது. திரையில் ஓர் இடத்தைக் குறிக்கும் எண்களை எண்ணத் தொடங்கும் பூஜ்யப் புள்ளி அந்த மூலைதான். அங்கிருந்து விலக விலகப் பிசகும் கூடுகிறது என்றால், எண்கள் ஏதோ ஒன்றால் பெருக்கப்படுகின்றன.

லேப்டாப்பில் டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறந்து ‘ஸ்கேல்’, அதாவது எழுத்தையும் பட்டனையும் பெரிதாக்கிக் காட்டும் அளவு, எவ்வளவு என்று பாருங்கள். அநேகமாக 125 அல்லது 150 சதவீதம் இருக்கும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் 100 இருந்திருக்கும். இந்த ஸ்கேலைத் தான் அறிவேன் என்று சொல்லிக்கொள்ளாத நிரலை விண்டோஸ் பழைய நிரலாக எண்ணி, அதற்கு ஒரு சுருங்கிய திரையைக் காட்டுகிறது. 125 சதவீதத்தில் 1920க்கு 1080 திரை, உங்கள் ஸ்கிரிப்ட்டின் கண்ணுக்கு 1536க்கு 864தான்.

இதில் வில்லங்கம் என்னவென்றால், பைன்புட்டில் கிளிக்கைக் கேட்டுப் பதியும் லிசனருக்கு உண்மையான பிக்சல் எண் வருகிறது. மவுஸை நகர்த்தும் கன்ட்ரோலரோ சுருங்கிய கணக்கில் வேலை செய்கிறது. 1200, 600 என்று பதிந்த இடத்துக்குப் போகச் சொன்னால், சுட்டி உண்மையில் 1500, 750இல் போய் நிற்கும். மெனு 100, 20இல் இருந்தால் 125, 25. பட்டன் அகலத்துக்குள் தப்பித்துவிடும். ஒரு மரக்காலில் அளந்து வாங்கி வேறு மரக்காலில் அளந்து கொடுத்தால் கணக்கு உதைக்கத்தானே செய்யும்? ஆலைக்காரருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

தீர்வு ஒரே வரி. ஸ்கிரிப்ட்டின் தொடக்கத்தில், பைன்புட்டை இறக்குமதி செய்வதற்கும் முன்னால், பைத்தானோடு வரும் சிடைப்ஸ் (ctypes) மூலம் விண்டோஸின் எஸ்எச்கோர் டிஎல்எல் (shcore) என்ற கோப்பில் உள்ள ‘செட் ப்ராசஸ் டிபிஐ அவேர்னஸ்’ (SetProcessDpiAwareness) என்ற ஃபங்ஷனை 2 என்ற மதிப்போடு அழையுங்கள். ஒவ்வொரு மானிட்டரின் ஸ்கேலையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று விண்டோஸிடம் சொல்வதாக அர்த்தம். இது விண்டோஸ் 8.1 முதல் உண்டு. சுட்டியை வலது கீழ்மூலைக்குத் தள்ளிவிட்டு, கன்ட்ரோலர் தரும் இடத்தை அச்சிட்டுப் பாருங்கள்: முன்பு 1535, 863 என்று வந்தது இப்போது 1919, 1079 என்று வர வேண்டும். லேப்டாப்பில் பதிந்ததை மறுபடி பதிய வேண்டாம். அந்த எண்கள் முதலிலிருந்தே சரியானவைதான்.

சிலர் எல்லா எண்ணையும் 1.25ஆல் வகுத்துச் சமாளிப்பார்கள். வேறு ஸ்கேல் உள்ள மானிட்டரைச் செருகிய அன்றே அது கவிழ்ந்துவிடும். ஸ்கேலை 100க்கு இறக்கி மறுபடி பதிந்தாலும் கிளிக் சரியாக விழும், ஆனால் பொடி எழுத்தை நாள் முழுக்கப் பார்ப்பது உங்கள் கண்தான்.

இன்னொன்று. பில்லிங் ஜன்னல் நேற்று இருந்த இடத்தில் இன்று திறக்காவிட்டால், எண் சரியாக இருந்தும் கிளிக் தவறும். ஓட்டும் முன் ஜன்னலை முழுத்திரை ஆக்கிவிடுங்கள். என்னைக் கேட்டால், மவுஸை நம்புவதே கடைசி வழி. டேப், என்டர், சேமிப்பதற்கான ஷார்ட்கட் இவற்றை வைத்தே சீட்டை ஏற்ற முடிகிறதா என்று ஒருமுறை கையால் செய்து பாருங்கள். முடிந்தால், பைன்புட்டின் கீபோர்டு பகுதியே போதும்.